கடைசிப் பந்தயத்திலிருந்து கணக்குப் போடுங்கள்: செல்ட்னம் திருவிழாவுக்கு ஹெலிகாப்டர் ஏற்பாடு

குதிரைப் பந்தயத்துக்கு ஹெலிகாப்டர் பிடிக்க வருபவர்கள் முதலில் கேட்பது, "காலையில் எத்தனை மணிக்குப் போய் இறங்கலாம்?" என்றுதான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. போவது சுலபம். திரும்பும்போதுதான் பணமும் பொறுமையும் கரையும். அதனால் மாலையில் தொடங்கி, காலையை நோக்கிப் பின்னோக்கித் திட்டமிடுவதே சரி.

இங்கிலாந்தின் செல்ட்னம் திருவிழாவையே எடுத்துக்கொள்வோம். மார்ச் நடுவில், செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாள். வெள்ளிக்கிழமை, திருவிழாவின் முக்கியப் பந்தயமான கோல்ட் கப். அன்று மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம் வரும். முதல் பந்தயம் பகல் 1:20-ஐ ஒட்டித் தொடங்கும். காலை 10 மணியிலிருந்தே ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஆக, வருகைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. கடைசிப் பந்தயம் மாலை 5:20 வாக்கில். அந்த வாரத்தில் அங்கே சூரியன் மறைவது சுமார் 6:10-க்கு. சூரியன் மறைந்து அரை மணி ஆனால் பிரிட்டனின் விமான விதிப்படி இரவு. ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டரில் கட்டணப் பயணிகளை இரவில் ஏற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது லண்டன் திரும்ப வேண்டியவரின் நிலையைப் பாருங்கள். செல்ட்னத்திலிருந்து தேம்ஸ் கரையில் உள்ள பாட்டர்சி ஹெலிபோர்ட்டுக்கு நேர்கோட்டில் சுமார் 75 கடல் மைல். ராபின்சன் ஆர்44 போன்ற சிறிய இயந்திரம் 105 நாட் (மணிக்கு 105 கடல் மைல்) வேகத்தில் போனால் 43 நிமிடம். பறப்பது கிழக்கு நோக்கி. லண்டனில் சூரியன் ஏழெட்டு நிமிடம் முன்னதாகவே மறைந்துவிடும். அங்கே இரவு தொடங்குவது சுமார் 6:33. எதிர்பாராத தாமதத்துக்கு ஐந்து நிமிடம் விட்டால், செல்ட்னத்தில் 5:45-க்குத் தரையை விட்டுக் கிளம்பியாக வேண்டும். கடைசிப் பந்தயம் முடிந்து, கூட்டத்தில் நீந்தி, ஹெலிபேடுக்கு நடந்து வந்து சேரவே 5:45 ஆகிவிடும். பாதுகாப்பு விளக்கம் கேட்டு, பெல்ட் போட்டு, எஞ்சின் ஓடத் தொடங்கி, முன்னால் நிற்கும் பத்து ஹெலிகாப்டர்களும் கிளம்பிய பிறகுதான் உங்கள் முறை வரும். அதாவது ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டரில் லண்டன் திரும்புபவர் கடைசிப் பந்தயத்தைப் பார்க்க முடியாது. இதை முன்பதிவின்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். அன்று மாலை சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

இரட்டை எஞ்சின் என்றால் இரவிலும் பறக்கலாம். ஆனால் அதற்குத் தகுதியான விமானி, கருவிகள், முக்கியமாக இரவில் இயங்க அனுமதியும் விளக்கும் உள்ள இறங்குதளம் வேண்டும். பந்தய மைதானத்தின் தற்காலிகத் தளம் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தோடு மூடிவிடும். அந்த நேரத்தை நடத்துபவரிடம் எழுத்தில் வாங்குங்கள். "இரட்டை எஞ்சின் எடுத்திருக்கிறோம், பிரச்சினை இல்லை" என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள்.

யாரிடம் எடுப்பது

பணம் வாங்கிக்கொண்டு பயணியை ஏற்ற, இயக்குபவரிடம் ஏஓசி எனப்படும் விமான இயக்குநர் சான்றிதழ் இருக்க வேண்டும். நீங்கள் பேசுவது புரோக்கரிடம் என்றால், பறக்கப்போவது யாருடைய சான்றிதழின் கீழ் என்று கேளுங்கள். நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்க வேண்டும்: சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர், அந்தச் சான்றிதழில் சேர்க்கப்பட்ட ஹெலிகாப்டரின் பதிவு எண், பயணிகளுக்கான காப்பீட்டுச் சான்று, மாற்று ஹெலிகாப்டர் அனுப்ப நேர்ந்தால் அதுவும் இதே நிபந்தனைக்கு உட்பட்டது என்ற வரி. திருவிழா வாரத்தில் இயந்திரம் கிடைப்பது அரிது. ஒன்று பழுதானால் கடைசி நேரத்தில் எங்கிருந்தோ ஒன்றைப் பிடித்து அனுப்புவார்கள். நான்காவது வரி அதற்காகத்தான்.

"நண்பரிடம் ஹெலிகாப்டர் இருக்கிறது, எரிபொருள் காசு கொடுத்தால் போதும்" என்ற பேச்சு பந்தய வட்டாரத்தில் சகஜம். செலவைப் பகிர்ந்துகொண்டு பறப்பது பிரிட்டனில் சட்டப்படி உண்டு. ஆனால் விமானியும் தன் பங்கைக் கொடுக்க வேண்டும், லாபம் கூடாது. நிகழ்ச்சிக்கு ஆள் ஏற்றிக் காசு பார்ப்பது அதில் சேராது. 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே இறந்த விமானம் இப்படி உரிமமில்லாமல் ஏற்பாடான வாடகைப் பயணம்தான். விமானியிடம் வணிக உரிமம் இல்லை. ஏற்பாடு செய்தவருக்கு 2021-இல் 18 மாதச் சிறை. இப்படிப்பட்ட பயணத்தில் விபத்து நடந்தால் காப்பீடு கைவிரிக்கும் அபாயமும் உண்டு. நிறுவனத்தின் விருந்தினர்களை ஏற்றி அனுப்பினால், கேள்விகள் உங்கள் மேசைக்கே வரும்.

எத்தனை பேர், எவ்வளவு எடை

விளம்பரத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கையை நம்பி டிக்கெட் விற்காதீர்கள். ஆர்44-இல் விமானி போக மூவர், பெல் ஜெட்ரேஞ்சரில் நால்வர், ஏர்பஸ் எச்125-இல் ஐவர், இரட்டை எஞ்சின் ஏ109-இல் ஆறு பேர் என்பது காகிதக் கணக்கு. எடைதான் உண்மைக் கணக்கு.

ஆர்44-க்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். மேலெழும்ப அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 1,134 கிலோ. வெற்று எடை சுமார் 690. விமானி 85. கோட்டு, பூட்ஸ், பையோடு சேர்த்து ஆளுக்கு 100 கிலோ என்று மூன்று பேர், 300. கூட்டினால் 1,075. எரிபொருளுக்கு மிஞ்சுவது 59 கிலோ. ஏவ்காஸ் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ என்பதால் அது 82 லிட்டர். மணிக்குச் சுமார் 57 லிட்டர் குடிக்கும் எஞ்சின், லண்டனிலிருந்து செல்ட்னம் போகவே 41 லிட்டரைத் தின்றுவிடும். மீதி 41-இல் கையிருப்பாக வைக்க வேண்டியதும், இறங்க முறைக்காகக் காத்துச் சுற்றுவதும் போக, திரும்பி வரப் போதாது. பந்தய மைதானத்தில் எரிபொருள் கிடைக்கும் என்று நம்பவே கூடாது. அப்படியானால் ஹெலிகாப்டர் உங்களை இறக்கிவிட்டு, 8 கிலோமீட்டர் தள்ளி ஸ்டேவர்ட்டனில் உள்ள குளோஸ்டர்ஷையர் விமான நிலையத்துக்குப் போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். அதற்கு அங்கே முன் அனுமதி, வரிசை, கட்டணம் எல்லாம் உண்டு. திருவிழா நாளில் எரிபொருள் வண்டிக்காக நிற்கும் வரிசை, மைதானத்து பீர் வரிசைக்குச் சளைத்ததல்ல.

எனவே முன்பதிவுப் படிவத்திலேயே ஒவ்வொருவரின் உண்மையான எடையையும் கேளுங்கள். ஆண்கள் ஐந்தாறு கிலோ குறைத்துச் சொல்வார்கள்; மார்ச் மாதத்து ட்வீட் கோட்டையும் பைனாகுலரையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கிளம்பும் இடத்தில் ஒரு எடைத் தராசு வையுங்கள். பெட்டி வேண்டாம், மடங்கும் துணிப்பை மட்டும். ஐந்து இருக்கையில் நால்வர் என்று விற்பதே நிம்மதி. இருக்கை ஒன்று காலியாகப் போவதைவிட, ஒருவரைத் தரையில் விட்டுவிட்டுப் போவது பெரிய நஷ்டம்.

இறங்கும் இடமும் அனுமதியும்

முதல் வேலை மைதானத்தில் இறங்கும் நேரத்துண்டு வாங்குவது. ஸ்லாட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். காலை ஸ்லாட்டும் மாலை ஸ்லாட்டும் தனித்தனி. மாலைக்குரியது முதலில் தீரும். கோல்ட் கப் நாளுக்கு மாதக்கணக்கில் முன்னதாகக் கேளுங்கள். மாலை ஸ்லாட் உறுதியாகாமல் ஹெலிகாப்டருக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

இவ்வளவு கூட்டம் உள்ள இடத்தில் நினைத்தபடி இறங்க முடியாது. ஆயிரம் பேருக்கு மேல் கூடிய திறந்தவெளிக் கூட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குள் இறங்கவும் ஏறவும் நிகழ்ச்சி நடத்துபவரின் எழுத்து அனுமதியும், விமானப் போக்குவரத்து ஆணையம் வகுத்த நடைமுறையும் தேவை. மைதானத்தை ஒட்டிப் புல்வெளி வைத்திருக்கும் நண்பர் "இங்கே இறக்கு" என்று சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள். பெரிய நிகழ்ச்சிகளுக்கு வான்வெளியில் தற்காலிகக் கட்டுப்பாடு போடப்படுவதும் உண்டு. அது ஏஐசி என்ற சுற்றறிக்கையாகவும், நோட்டாம் எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்பாகவும் வரும். எந்தத் திசையிலிருந்து, எந்த உயரத்தில் வர வேண்டும், யாரை ரேடியோவில் அழைக்க வேண்டும் என்பதை விமானி முந்தின நாளும் பறக்கும் காலையிலும் படித்தாக வேண்டும். ஏற்பாட்டாளராக நீங்கள் செய்ய வேண்டியது, படித்தாரா என்று கேட்பது.

அஸ்காட் பந்தய மைதானம் வேறு கதை. ஜூன் மாதத்து ராயல் அஸ்காட்டுக்குப் பாட்டர்சியிலிருந்து 19 கடல் மைல்தான். பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம். சூரியன் இரவு 9:20 வரை இருப்பதால் வெளிச்சம் கவலையில்லை. ஆனால் மைதானம் ஹீத்ரோவின் கட்டுப்பாட்டு வட்டத்துக்குள் கிடக்கிறது. ஹீத்ரோவின் அனுமதி இல்லாமல் அசைய முடியாது. லண்டனுக்கு மேல் ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டர்கள் தேம்ஸ் நதியை ஒட்டிய குறிப்பிட்ட வழியில்தான் போக வேண்டும். பகல் 2 மணிக்கு அரச குடும்பத்தின் குதிரை வண்டி ஊர்வலம்; 1825-லிருந்து தொடரும் வழக்கம். அதையொட்டி யாரும் பறக்கப்போவதில்லை என்று வைத்து, 1 மணிக்குள் இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள். குட்வுட் பந்தய மைதானத்தில் இந்தத் தலைவலி எல்லாம் குறைவு. மைதானத்துக்கு அருகிலேயே குட்வுட் எஸ்டேட்டுக்குச் சொந்தமான விமானத்தளம் இருக்கிறது, எரிபொருளும் சேர்த்து.

அயர்லாந்திலிருந்து செல்ட்னத்துக்கு வருபவர்கள் ஏராளம். கடலைக் கடப்பதால் உயிர்காப்புச் சட்டையும், ஒற்றை எஞ்சினானால் மிதவையும் பற்றிக் கேளுங்கள். ஜிஏஆர் எனப்படும் பயணியர் அறிக்கையைக் கிளம்புவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னதாகவும் அனுப்ப முடியாது, கடைசி 2 மணி நேரத்திலும் அனுப்பக் கூடாது. பெயர் மாறினால் மறுபடி அனுப்ப வேண்டும். கடைசி நிமிடத்தில் மச்சானைச் சேர்த்துக்கொள்வது நடக்காது.

சொந்தமாக ஒரு ஊட்டுத்தளம் அமைப்பது

தொழில் வாய்ப்பு அதிகம் இருப்பது நீண்ட பயணத்தில் இல்லை. மைதானத்திலிருந்து பத்து, பதினைந்து கடல் மைல் தள்ளி, நல்ல சாலையும் கார் நிறுத்த இடமும் உள்ள ஒரு பண்ணை வீடு அல்லது ஓட்டலிலிருந்து ஆட்களைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவதில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தை ஊட்டுத்தளம் என்கிறோம். ஆங்கிலத் தொழில் பேச்சில் ஃபீடர் சைட்.

நிலத்தைப் பற்றி முதலில். இங்கிலாந்தின் திட்டமிடல் சட்டப்படி, ஒரு நிலத்தை ஆண்டுக்கு 28 நாள் வரை தற்காலிகமாக வேறு பயனுக்கு எடுக்கலாம். வீட்டு வளாகத்துக்குள் அடங்கிய நிலத்துக்கு இது பொருந்தாது. அதே வயலில் கோடையில் திருமணமும் சந்தையும் நடந்தால் அந்த நாட்களும் கணக்கில் ஏறும். நிலக்காரரிடம் எத்தனை நாள் மிச்சம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவு: எச்125-இன் மொத்த நீளம் சுமார் 13 மீட்டர். அதைப்போல் இரு மடங்குக்குச் சற்று மேலாக, 30-க்கு 30 மீட்டர் தடையற்ற, வெட்டிய புல்தரை ஒரு இயந்திரத்துக்குத் தேவை. ஏ109-க்கும் இதே போதும். ஏடபிள்யூ139 என்ற பெரிய ஹெலிகாப்டர் என்றால் நீளம் 16.7 மீட்டர், 35-க்குக் குறையாமல் வையுங்கள். சரிவு ஐந்து பாகைக்குள். வரும் திசையும் போகும் திசையும் ஏறக்குறைய எதிரெதிராக, மின்கம்பி இல்லாமல் இருக்க வேண்டும். கம்பிதான் எமன். மேலிருந்து கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும். ஆகவே கம்பங்கள் உள்ள புகைப்படத்தை விமானிக்கு முந்தின நாளே அனுப்புங்கள். வாட்3வோர்ட்ஸ் முகவரி (மூன்று சொல்லில் இடத்தைக் குறிக்கும் செயலி), அட்ச தீர்க்க ரேகை, நிலக்காரரின் தொலைபேசி, அருகில் ஆடு மாடு உண்டா என்ற தகவல், நான்கையும் ஒரே செய்தியில்.

மார்ச் மாத ஈரம் தனிப் பிரச்சினை. ஆர்44, எச்125 போன்றவை சறுக்குக்கால் எனப்படும் நீள உலோகக் குழாய்கள் மீது நிற்பவை, எடை பரவும். ஏ109, ஏடபிள்யூ139 ஆகியவற்றுக்குச் சக்கரம். சேற்று வயலில் அச்சு வரை இறங்கும். சக்கரம் அமிழ்ந்தால் இழுப்பதற்குள் மாலை ஸ்லாட் போய்விடும். சறுக்குக்கால் ஒரு பக்கம் சேற்றில் ஒட்டிக்கொள்வது இன்னும் ஆபத்து: விமானி தூக்கும்போது ஒட்டிய காலை அச்சாக வைத்து இயந்திரம் பக்கவாட்டில் கவிழும். கண் இமைப்பதற்குள் நடந்து முடியும். எனவே மழை பெய்த வாரத்தில், கூடாரக் கடைக்காரர்கள் வாகனத்துக்குப் போடும் உலோக அல்லது பிளாஸ்டிக் தரைப் பலகைகளை வாடகைக்கு எடுத்து விரித்து, அவை காற்றில் எழாதபடி ஒன்றோடொன்று பூட்டி, ஓரங்களை ஆணியடித்து நிறுத்துங்கள். பூட்டாத பலகை, ரோட்டர் எனப்படும் சுழலும் இறக்கையின் காற்றில் கத்தியாகிவிடும்.

ஐம்பது மீட்டர் சுற்றளவில் தார்ப்பாய், குப்பைத் தொட்டி மூடி, மடக்கு நாற்காலி, விளம்பரப் பதாகை எதுவும் கட்டாமல் இருக்கக் கூடாது. தீயணைப்புக் கருவிகள், கோடரி, பெல்ட் அறுக்கும் கத்தி ஒரே பெட்டியில். தலைக்குப் பட்டை கட்டிய தொப்பியோடும், காது மூடியோடும், பளிச் நிற மேலுடையோடும் இரண்டு பயிற்சி பெற்ற ஆட்கள்.

இனிக் குதிரை. நாம் வந்திருப்பதே அதற்காகத்தான், ஆனால் பறப்பவர்கள் மறப்பதும் அதையேதான். குதிரை ஓடித் தப்பிக்கும் பிராணி. தூரத்திலிருந்து மெல்ல வளரும் சத்தத்தை அது பொறுத்துக்கொள்ளும். மரவரிசைக்குப் பின்னாலிருந்து திடீரென எழும் ஹெலிகாப்டரைப் பொறுக்காது. லாயம், அணிவகுப்பு வட்டம், குதிரைகளை ஏற்றிவரும் வண்டிகள் நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கு மேல் பாதை போகக் கூடாது. செல்ட்னத்தை ஒட்டிய காட்ஸ்வோல்ட்ஸ் மலைப் பகுதியில் பல கிராமங்களில் பந்தய லாயம் இருக்கும்; காலையில் சாலையோரம் பத்துக் குதிரைகள் வரிசையாகப் பயிற்சிக்குப் போகும். ஊட்டுத்தளத்தைச் சுற்றி உள்ள லாயங்களை வரைபடத்தில் குறித்து, முந்தின வாரமே நேரில் போய், எந்த நேரத்தில் எந்தப் பக்கமாக வருவோம் என்று சொல்லுங்கள். குதிரையை வெளியே விடும் நேரத்தை அவர்கள் சொல்வார்கள். முதல் சுற்றை அரை மணி தள்ளிவைத்தால் விஷயம் முடிந்தது. சொல்லாமல் போனால், அடுத்த ஆண்டு நிலக்காரர் நிலம் தரமாட்டார்.

மைதானத்திலும், தளம் பந்தயத் தடத்தை ஒட்டி இருந்தால் பந்தயம் ஓடும் நிமிடங்களில் இயக்கம் நிறுத்தப்படலாம். ஜாக்கி விழுந்து ஏர் ஆம்புலன்ஸ் வந்தால் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

சுற்றுக் கணக்கு

இங்கேதான் லாபமும் நஷ்டமும். ஒரு எச்125, ஐந்து இருக்கை, பறப்பு ஆறு நிமிடம், இரு முனையிலும் ஏற்றி இறக்க நான்கு நிமிடம். ஒரு முழுச் சுற்று 20 நிமிடம்; மணிக்கு மூன்று சுற்று; 15 பேர். காலை மூன்று மணி நேரத்தில் 45 பேரைக் கொண்டுபோகலாம். மகிழ்ச்சியோடு 45 டிக்கெட் விற்பார்கள்.

மாலையில் பாருங்கள். 5:30-க்கு ஆட்கள் வரத் தொடங்கி, 6:40-க்கு இரவு. ஓரக் கையிருப்பு கழித்தால் 55 நிமிடம். இரண்டு சுற்று உறுதி, மூன்றாவது அதிர்ஷ்டம். பதினைந்து பேர். மீதி முப்பது பேர் குளிரில், குடித்த நிலையில், உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்பார்கள்.

வழி மூன்று. ஒன்று, மாலைக்கு மட்டும் கூடுதல் ஹெலிகாப்டர் எடுப்பது. அது எங்கிருந்தோ காலியாகப் பறந்து வரும் செலவும் உங்கள் தலையில். இரண்டு, டிக்கெட்டையே நேரத்தோடு விற்பது: கோல்ட் கப் முடிந்ததும் கிளம்பும் இருக்கை மலிவு, கடைசிப் பந்தயத்துக்குப் பின் கிளம்பும் இருக்கை அதிக விலை. விலை வித்தியாசம் உறைக்கும்படி இருந்தால் பாதிப் பேர் தாமாகவே முன்னதாகப் போவார்கள், சுற்று 4:30-க்கே தொடங்கிவிடும். மூன்றாவது, போக ஹெலிகாப்டர், வர மினி பஸ் என்று ஒருவழி டிக்கெட் விற்பது. நம் கருத்தில் இரண்டாவதே சிறந்தது. மூன்றாவதை மழைக்கால ஏற்பாடாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானத்துக்குக் கிளைகள் உண்டு. காலை பத்துக்கு இறக்கிவிட்டு மாலை வரை சும்மா நிற்கும் இயந்திரத்தை, குதிரை உரிமையாளர்களை லாயங்களுக்குக் கூட்டிப்போகவோ, ஒரே நாளில் இரண்டு மைதானத்தில் ஏற வேண்டிய ஜாக்கிக்கோ கொடுக்கலாம். ஆனால் 4 மணிக்கு அது எங்கே இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பயணிகளை ஏற்றி இறக்குவது

விளக்கம் ரோட்டர் சுற்றாதபோது, தளத்துக்கு வெளியே நடக்கட்டும். ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் யார் காதிலும் எதுவும் ஏறாது. விமானி தலையசைத்த பிறகே, அவர் கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்திலிருந்து, குனிந்து நடக்க வேண்டும். சரிவில் மேட்டுப் பக்கமாக அணுகவே கூடாது. அந்தப் பக்கம் ரோட்டர் நுனி தலைக்கு நெருக்கம். வால் பக்கம் யாரும் போகக் கூடாது. சுற்றும் வால் ரோட்டர் கண்ணுக்குத் தெரியாது. 2022 ஜூலையில் ஏதென்ஸ் அருகே ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய பிரிட்டிஷ் இளைஞர் ஒருவர் இப்படித்தான் உயிரிழந்தார். அதனால் இறங்கும்போதும் ஆள் ஒருவர் கதவருகில் நின்று கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். முடிந்தவரை ரோட்டரை நிறுத்தி ஏற்றுங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு நிமிடம் கூடும், அதையும் கணக்கில் சேர்த்தே டிக்கெட் விற்க வேண்டும்.

தொப்பி தலையில் அல்ல, பெட்டியில். குடையை இடுப்புக்குக் கீழே படுக்கை வாக்கில் பிடிக்க வேண்டும். குதிகால் செருப்புக்கு ஈரப் புல் ஆகாது. தளத்திலிருந்து கார் வரை பாய் விரியுங்கள். குடித்து நிலைதடுமாறுபவரை ஏற்றுவது பிரிட்டனில் சட்டவிரோதம். ஏற்ற மறுக்கும் உரிமை விமானிக்கு உண்டு, பணம் திரும்பாது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துவிடுங்கள். ஐரிஷ் கின்னஸ் வெள்ளமாய் ஓடும் நான்கு நாளில் இந்த வரி நிச்சயம் வேலைக்கு வரும்.

மேகம் இறங்கினால்

செல்ட்னம் மைதானத்துக்குக் கிழக்கே கிளீவ் ஹில். காட்ஸ்வோல்ட்ஸ் மலைகளில் இதுவே உயரம், 330 மீட்டர், 1,083 அடி. லண்டனிலிருந்து வருபவர் இந்த மேட்டு விளிம்பைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். ஸ்டேவர்ட்டன் வானிலை அறிக்கையில் மேகம் 1,200 அடி என்று பார்த்ததும் "நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றும். அது விமான நிலையத் தரைக்கு மேலே 1,200. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300. கிளீவ் ஹில் உச்சிக்கும் மேகத்துக்கும் நடுவே 200 அடிதான். அதில் யாரும் பறக்கக் கூடாது. வடக்கே எவ்ஷம் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றி வர வழி இருந்தால் பத்து, பதினைந்து நிமிடம் கூடும், எரிபொருளும் கூடும். ஆர்44-இல் நாம் போட்ட கணக்கில் அதற்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கத் தகுதியுள்ள இரட்டை எஞ்சின் என்றால் ஸ்டேவர்ட்டனில் இறங்கி, அங்கிருந்து கார்.

விமானியை அவசரப்படுத்தாதீர்கள். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் 2020 ஜனவரியில் இறந்த ஹெலிகாப்டர் விபத்தில் விசாரணை அமைப்பு காரணங்களில் ஒன்றாகச் சுட்டிக்காட்டியது, மேகத்துக்குள் நுழைந்த விமானி வாடிக்கையாளரின் பொருட்டுத் தானே தன்மேல் ஏற்றிக்கொண்ட அழுத்தத்தைத்தான். யாரும் திட்டாமலேயே அது வரும். அதனால் முடிவெடுக்கும் நேரத்தை முன்கூட்டியே வகுத்துவிடுங்கள்: முந்தின நாள் மாலை 6 மணிக்கு ஒரு பார்வை, காலை 6:30-க்கு இறுதி முடிவு. வேண்டாம் என்றால் 7 மணிக்குக் கார்கள் கிளம்ப வேண்டும்; லண்டனிலிருந்து சாலை வழி இரண்டரை மணி நேரம், திருவிழா நெரிசலில் இன்னும் கூடும். அதற்கான ஓட்டுநரை அன்றைக்கு முழுக்கக் கட்டணம் கொடுத்து நிறுத்திவையுங்கள். காலை நன்றாக இருந்தாலும் அவரை அனுப்பிவிடாதீர்கள். மாலைக்கும் அவரே மாற்று.

பணம், ஒப்பந்தம்

விலைப்பட்டியலில் பறந்த நேரம் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். தளத்திலிருந்து உங்களிடம் வரவும் திரும்பவும் காலிப் பறப்பு, இறங்கும் கட்டணம் இரண்டு முனையிலும், காத்திருப்பு, எரிபொருள் கூடுதல், விமானிக்கு இரவு தங்கல் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். பத்துப் பேருக்குக் குறைவாக ஏற்றும் ஹெலிகாப்டருக்கு 20 சதவீதம் வாட் வரி உண்டு. சொன்ன விலை வரியோடா, வரியில்லாமலா என்பது முதல் தொலைபேசியிலேயே தெளிவாக வேண்டும். விமானியின் பணிநேர வரம்பையும் கேளுங்கள். காலை ஆறுக்கு வந்தவர் இரவு வரை நிற்க முடியாமல் போகலாம். மாலைக்கு வேறு விமானி என்றால் அவர் எப்படி வந்து சேர்வார் என்பதும் உங்கள் கவலைதான்.

ஒப்பந்தத்தில் பலர் தவறவிடும் வரி: பறக்க முடிந்தும் பந்தயம் நடக்காவிட்டால் என்ன? 2008-இல் பலத்த காற்றால் திருவிழாவின் புதன்கிழமைப் பந்தயங்கள் கைவிடப்பட்டு, வியாழனுக்கும் வெள்ளிக்கும் மாற்றப்பட்டன. 2001-இல் கோமாரி நோயால் திருவிழாவே இல்லை. வானிலையால் ஹெலிகாப்டர் பறக்காவிட்டால் பணம் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். பந்தயம் ரத்தானால் என்ற வரி இருக்காது. ரத்து அறிவிப்பு காலை எட்டு மணிக்கு வரலாம், அதற்குள் ஹெலிகாப்டர் உங்களிடம் வந்து நின்றிருக்கும். காலிப் பறப்புக்கு மட்டும் கட்டணம், மீதியை மாற்றிய நாளுக்கு நகர்த்தலாம், அந்த நாளில் இயந்திரம் இல்லை என்றால் திருப்பித் தர வேண்டும் என்று மூன்று வாக்கியம் சேர்த்து, கையெழுத்துக்கு முன் அனுப்புங்கள். மாலை ஸ்லாட்டின் நேரத்தையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.